ராயபுரத்துக்கு வந்த ஹீட்டர்

மார்கழி மழையில் என் மகளைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவள் எடை இரண்டு கிலோவைத் தொடவில்லை. ஏழாம் மாதக் கடைசியில் பிறந்தவள். வார்டில் படுக்கை போதவில்லை, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது நர்ஸ் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளைக்குக் குளிரவே கூடாது. துணி விலக்கி நெஞ்சோடு போட்டுக்கொள்ள வேண்டும், எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம். அடுத்த வாரம் எடை பார்ப்போம், ஏறவில்லை என்றால் கஷ்டம். 'கஷ்டம்' என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அதே வார்டில் பக்கத்துத் தொட்டில் காலியானதைப் பார்த்தவள் நான்.

சொல்லிவிட்டுப் போக யாருக்கும் முடியும். எனக்குத் தையல் போட்ட இடம் சீழ் வைத்துக் காய்ச்சல். பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் கண் இருட்டும். இரண்டு தடவை அவளோடு சேர்ந்து சரியப் பார்த்தேன். துறைமுகத்து கன்டெய்னர் யார்டில் வேலை செய்யும் என் கணவருக்கு விடாத இருமல். இருமுகிறவர்கள் கிட்டே வரக்கூடாது என்பதும் நர்ஸ் உத்தரவு. அவர் வாசற்படியில் நின்று பிள்ளையைப் பார்ப்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமுவார், போய்விடுவார். எங்கள் இரண்டு பேருக்கும் அம்மா இல்லை. பட்ட காலிலேயே படும் என்பது பொய்யில்லை.

எங்கள் போர்ஷன் கீழ்த்தளம். பின்சுவரை ஒட்டி ரயில்வே காம்பவுண்டு. மழைக்காலத்தில் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறி, தொட்டால் சுண்ணாம்பு கையோடு வரும். அந்த அறையில் எனக்கே பல் கிட்டித்தது. அப்போதுதான் நான் சொன்னேன்: "ரூம சூடு பண்ற மிஷினு ஒண்ணு வாங்கினு வாங்க. எங்கியாவது இருக்கும்."

பாரிமுனையில் அவர் ஏறாத கடை இல்லை. எல்லோரும் சிரித்தார்களாம். "மெட்ராஸ்ல இன்னாத்துக்கு சார் ரூம் ஈட்டரு? ஏசி எடுத்துக்கினு போ" என்றானாம் ஒருவன். கடைசியில் ஊட்டி லாட்ஜ் ஒன்றுக்காக வரவழைத்து மிச்சமான ஒரு சுவர் ஹீட்டர் கிடைத்தது. நீளமான வெள்ளைப் பெட்டி. அதை ஏதோ சாமி சிலை போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

மாட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. எலக்ட்ரீஷியன் துளை போட்டால் துளையைச் சுற்றியிருக்கும் சுவர் கொட்டியது. ஸ்க்ரூவைப் பிடிக்க வைக்கும் பிளாஸ்டிக் பிளக் துளைக்குள் போய் ஆடியது. நான் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு தூசிக்கு வெளியே நின்றேன், வெளியே சாரல். உள்ளே தூசி, வெளியே குளிர், எங்கே நிற்பது? கடைசியில் மரக்கட்டை சீவி அடித்து, சிமென்ட் பூசி, அதில் ஸ்க்ரூ ஏற்றினார். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டரிலிருந்து கெட்டி ஒயர் தனியாக இழுத்தார். "ஒயரு தாங்கும்க்கா. ஆனா நாலு வூட்டுக்கும் ஒரே லைனு கீது. எல்லாம் ஒண்ணா ஓடிச்சின்னா ப்யூஸு போயிடும், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டில் நாலு குடித்தனமும் எதைப் போடுவதாக இருந்தாலும் கத்திவிட்டுத்தான் போடுவோம். "மோட்டாரு போடறேன்!" என்று ஒரு குரல் வந்தால் மிக்ஸி நிற்கும், அயர்ன் பாக்ஸ் நிற்கும். ஹீட்டர் வந்த பிறகு எல்லோரும் என் பிள்ளைக்காகக் கத்தினார்கள். கத்தியும் ப்யூஸ் போனது. ஒரே நாளில் மூன்று முறை போனது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. அந்தப் பூதம் மாடியில் இருந்தது. மாடி வீட்டு அக்கா காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவள், பெரிய ஃப்ரீசர் வைத்திருந்தாள். அது தானாக நிற்கும், தானாக ஓடும். ஃப்ரீசர் கத்திவிட்டா ஓடும்?

தையலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். எங்களுக்குள் தண்ணீர்க் குடத்துக்காக வந்த பழைய சண்டை, பேசி வருஷமாகியிருந்தது.

"ஒரு வாரத்துக்கு அத்த நிறுத்துக்கா" என்றேன்.

"புயலுன்னு எந்த போட்டும் போவல. உள்ள கீற மீன வுட்டா எனுக்கு வேற இன்னா கீது? உன் புள்ளைக்கி சூடு வோணும், என் மீனுக்கு ஐஸு வோணும். கரண்டு ஒண்ணுதான கீது, நான் இன்னா பண்றது?"

நியாயம்தான். ஆனால் நியாயம் கேட்கிற நிலையில் நான் இல்லை. "உன் மீனு செத்துப் போனதுக்கா. என் புள்ள இன்னும் சாவல" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ப்யூஸ் போகவில்லை. சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் கூடை கூடையாக மீனை இறக்கி, மழையில் தெருமுனையில் உட்கார்ந்து, கேட்ட விலைக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக நிம்மதி இருந்தது. பிள்ளையை ஹீட்டருக்கு நேரே கிடத்திவிட்டு, தேவலோகத்து வெப்பம் என்று நினைத்துப் பக்கத்தில் படுத்துக் கிடந்தேன்.

எடை குறைந்திருந்தது.

நர்ஸ் தராசைச் சரிபார்த்து இன்னொரு முறை வைத்தாள். குறைந்துதான் இருந்தது. ஹீட்டர் என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தக் காத்து பிள்ளை உடம்புல இருக்கிற தண்ணிய உறிஞ்சிடும்மா. மொதல்ல அதை நிறுத்துங்க. நெஞ்சுல போடச் சொன்னேனே? உங்களால முடியலைன்னா இருமல் சளி இல்லாத யாராவது போட்டுக்கட்டும். ரெண்டு நாள் கழிச்சு கொண்டாங்க." யாராவது என்றால் யார்? ஆட்டோவில் வரும் வழியெல்லாம் எனக்குத் தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கேட்கக்கூடிய முகம் ஒன்றுகூட இல்லை.

மாடி வீட்டு அக்கா குழாயடியில் ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தாள். புயல் ஓய்ந்து போட்டுகள் போகத் தொடங்கியிருந்தன. ஃப்ரீசர் ஓடாததால் தினமும் விடியற்காலையில் போய்க் கொஞ்சம் மீனும் ஐஸும் எடுத்துவந்து அன்றைக்கே விற்றுக்கொண்டிருந்தாள். சொல்லாமல் தாண்டிப் போக முடியவில்லை.

"ஈட்டரு வோணாமாம்க்கா. அதாலதான் எட கொறஞ்சிதாம். நீ ஃப்ரீசர போட்டுக்கோ."

"போட்டு? உள்ள இன்னா கீது?"

அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"வேற இன்னா சொன்னாங்கோ நர்சம்மா?" என்று கேட்டாள். சொன்னேன். நெஞ்சில் போட ஆள் வேண்டும் என்பதையும் சொன்னேன்.

அவள் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். மாடிக்குப் போய்க் குளித்து, புடவை மாற்றி, ஈரத் தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள், ரவிக்கையை அவிழ்த்தாள், சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தாள். கொடு என்று கேட்கவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து வைத்துக்கொண்டாள். விடிந்ததிலிருந்து ஐஸில் கிடந்து வெளுத்து, தோல் சுருங்கிப்போன கைகள்.

நான் தயங்கி நின்றேன்.

"நீயே தூக்கி வையிமே. நா தொட மாட்டேன்" என்றாள். "கையிதான் ஐஸு. மாரு சூடாத்தான் கீது."