சுரண்டி எடுத்த வாசல்

கோடு கீறிச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு வருகிற முதல் நோய் கண்ணிலும் இல்லை, முதுகிலும் இல்லை. பக்கத்து மேசைக்காரரின் கோடு நம்முடையதைவிட நேராகத் தெரியத் தொடங்கும், அதுதான். எந்த வேலையிலாவது பத்து வருடம் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்களுக்கும் ஒரு பக்கத்து மேசை இருந்திருக்கும்.

நான் மட்டக்களப்பில், குளங்களையும் வாய்க்கால்களையும் பார்க்கிற ஒரு பொறியியலாளர் அலுவலகத்தில் படவரைஞராக இருந்தேன். சண்டைக் காலம். ஊரில் மின்சாரம் இல்லை. வாவிக்கரையில் இருந்த எங்கள் கட்டடத்தின் மேல் ஷெல் விழுந்துவிட்டதால், ஒரு பாடசாலையின் இரண்டு வகுப்பறைகளில், சிறுபிள்ளைகளின் வாங்குகளில் முழங்கால் இடிபட உட்கார்ந்து வேலை செய்தோம். தலைமைப் படவரைஞர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அவருடைய இடம் வெறுமையாகக் கிடந்தது. எனக்குப் பதினெட்டு வருடச் சேவை. எனக்கு அடுத்தவர் தவராசா, பழுகாமத்துக்காரர். அவருக்கு ஆறே வருடம். ஆகவே அந்த இடம் எனக்குத்தான் என்று நான் முடிவு செய்திருந்தேன். என் மனைவி எனக்கு முன்பே முடிவு செய்துவிட்டாள்.

பெயர் எழுதாத அறை

ஒருநாள் பிரதம பொறியியலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பழைய இடத்திலேயே புது அலுவலகம் கட்டவேண்டும். சீமெந்துக்கு அனுமதி எடுப்பது பெரும்பாடு. மின்சாரத்தை நம்ப முடியாது. உள்ளே இருக்கிறவர்கள் பகல் வெளிச்சத்திலும் வாவிக் காற்றிலும் வேலை செய்யவேண்டும். வெளியே இருந்து வருகிறவர்களும் மனம் நோகாமல் வந்து போகவேண்டும். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு படம் கீறித் தாங்க" என்றார். யாருடைய படம் கட்டடமாகிறதோ அவருடைய பெயரைத்தான் தலைமைப் படவரைஞர் பதவிக்கு எழுதி அனுப்பப் போகிறார் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு.

நான் இரண்டு வாரம் பாடுபட்டேன். ஏழு அறைகள், ஏழு கதவுகள், மேலே கொங்கிறீற் தட்டு. சீமெந்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அது கொண்டுவருகிறவரின் கவலை. பொறியியலாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை கொடுத்துப் பெயர் எழுதியிருந்தேன். வடகிழக்கு மூலையில் இரண்டு பெரிய யன்னல்களோடு ஓர் அறை. அதற்கு மட்டும் பெயர் எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. பிரதம பொறியியலாளர் படத்தை விரித்து, விரலை நேரே அந்த மூலையில் வைத்தார். "எல்லா அறைக்கும் பேர் இரிக்கு. ஆக நல்ல வெளிச்சம் வாற இந்த அறை மட்டும் ஆருக்கு?"

ஒரு பிழை

தவராசாவின் படத்தில் அறைகளே இல்லை. ஒரு நீண்ட மண்டபம். நடுவில் ஒரே மேசை. அதன் ஒரு பக்கம் பொறியியலாளர்கள், மறுபக்கம் நாங்கள். செங்கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும் சுவருக்கு. வாவிப் பக்கம், காற்றில் தாள் பறக்காமலிருக்க, உயரத்தில் காற்றுத் துளைகள் மட்டும் விட்ட முழுச் சுவர். பழைய கூரையில் உடையாமல் தப்பிய ஓடுகள் புதுக் கூரைக்கு. கூரையில் விழுகிற மழை பீலி வழியே ஒரு தொட்டிக்கு வரும். தொட்டியிலிருந்து அலுவலகத்துக்குள் ஒரு குழாய், மதிலுக்கு வெளியே ஒழுங்கையில் ஒரு குழாய். அந்தப் பகுதிக் கிணறுகள் எல்லாம் உவர் என்பதால் அயலவர்களும் பிடிக்கலாம். மதில் வாயிலில், தெருப் படலையடியில், விவசாயிகள் காத்திருக்க ஒரு கொட்டில்.

நான் அளவுகோலை எடுத்து அரை மணித்தியாலம் அந்தப் படத்தில் பிழை தேடினேன். கடைசியில் ஒன்று அகப்பட்டது. மலசலகூடத்தின் கதவு உள்பக்கம் திறந்தது. வகுப்பறை முழுவதற்கும் கேட்கும்படி அதைச் சொன்னேன். தவராசா ஓடிவந்து பார்த்தார். முகம் வாடும் என்று நான் காத்திருந்தேன். "நல்ல காலம் அண்ணன், நீங்க பாத்தீங்க. இல்லாட்டி உள்ளுக்கு இரிக்கிற ஆளுட முழங்காலுக்குத்தான் அடிச்சிரிக்கும்!"

வீட்டில் கேட்டது

தவராசாவின் படம்தான் தேர்வானது. அன்று வீட்டுக்குப் போய், பிரதம பொறியியலாளருக்குக் கட்டடக் கலை தெரியாது என்று மனைவிக்கு விளக்கினேன். ஒரே மேசையில் எல்லோரும் இருந்தால் மரியாதை என்னாவது, அலுவலகத் தண்ணீரை ஒழுங்கைக்குக் கொடுக்கிறவன் எப்படிப்பட்டவன் என்றெல்லாம் கேட்டேன். அவள் கையில் வெறும் குடம் இருந்தது. நான் சொன்னதில் ஒரு சொல்தான் அவள் காதில் விழுந்திருக்கவேண்டும். "அந்தத் தவராசாத் தம்பியிட்டச் சொல்லி, எங்கட ஒழுங்கைக்கும் ஒரு பைப்பு கீறித் தரச் சொல்லுங்களே."

சவர அலகு

இங்கே எங்கள் தொழிலில் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். முதலில் படத்தைப் பென்சிலால் கீறுவோம். பிறகு அதன்மேல் ஒளி ஊடுருவும் ட்ரேசிங் தாளை வைத்து மையால் பிரதி எடுப்போம். கட்டுகிறவருக்குப் போவது இந்த மைப்பிரதிதான். எங்கள் அலுவலகத்தில் கீறியவரே பிரதி எடுப்பதில்லை. இன்னொருவர் எடுப்பார், கீறியவர் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்து வைப்பார். மைக்கோடு பிழைத்தால் அழிறப்பர் உதவாது. பாதியாக உடைத்த சவர அலகால் மெதுவாகச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தை நகத்தால் தேய்த்துவிடவேண்டும்.

அலுவலகத்தில் நல்ல மைக்கை என்னுடையது. ஆகவே தவராசாவின் படத்தைப் பிரதி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான்கு நாள் ஒரு நூல் பிசகாமல் எடுத்தேன். ஐந்தாம் நாள், எல்லோரும் சாப்பிடப் போன நேரம், வாவிப் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். தவராசா தனக்கென்று குறித்திருந்த இருக்கை, மேசையின் ஒரு நுனியில், அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அலகை எடுத்தேன். அந்த இருக்கைக்குப் பக்கத்தில் மூன்றரை அடிச் சுவரைச் சுரண்டி, ஒரு வாசல் வைத்தேன். கச்சான் காற்று வாவிக்கு மேலால் வந்து அவருடைய தாள்களை எல்லாம் கிளப்பட்டும். தோணியில் வருகிறவன் எல்லாம் அவருடைய முழங்கையை இடித்துக்கொண்டு போகட்டும். அவ்வளவுதான் என் எண்ணம்.

மாலையில் தவராசா இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். என் காது சுட்டது. பிறகு 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்பினார். "உங்கட கை கைதான் அண்ணன்."

மேசன் காக்கா

கட்டட வேலைக்குக் காத்தான்குடியிலிருந்து ஒரு வயதான மேசன் வந்தார். எல்லோரும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். வேறு வேலை இல்லாதவன்போல நான் நாள்தோறும் அங்கே போனேன். சுவர் சாயுமா, அத்திவாரத்தில் உவர்நீர் ஊறுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் அவர் நான் சுரண்டிய இடத்தில் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். நிலைக்கு மரம் வந்திருந்தது. வாவியிலிருந்து வந்த காற்று அவருடைய சட்டையை ஊதிப் பெருப்பித்தது. "இதக் கீறின ஆள் ஆரு தம்பி?" என்று கேட்டார். தவராசா என்றேன். வேறென்ன சொல்வது? காக்கா நூலை இறுக்கிக் கட்டினார். "இந்தப் பக்கத்த அடைச்சிரிந்தா உள்ளுக்கு இரிக்கிற நீங்க எல்லாம் போறணை நெருப்புக்குள்ள வெச்ச பாண் போலத்தான் வெந்து போவீங்க. அந்தப் புள்ளைக்கு அல்லாஹ் நல்ல மூளையக் குடுத்திரிக்கான்."

விதானையாரின் விரல்

குடிபுகுந்த வாரத்திலேயே கச்சான் அடித்தது. முதல் நாள் தவராசாவின் மூன்று தாள்கள் பறந்தன. ஒன்று வாவிக்கே போனது. பதினொரு மணி வரைக்கும் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

பதினொரு மணிக்கு ஒரு தோணி வந்தது. தோணிகளுக்குப் பகலில் அனுமதி இருந்த மாதங்கள் அவை. வாவிக்கு அக்கரையிலுள்ள ஒரு வட்டையின் விதானையார் இறங்கினார். வட்டை என்பது வயல்வெளி. அதற்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பு இவரிடம். முன்பென்றால் தெருவால் சுற்றி, இராணுவச் சென்றியில் சோதனைக்கு நின்று, பிறகு படலையடியில் கூப்பிடும்வரை காத்திருந்திருப்பார். இப்போது ஈரக்காலோடு நேரே வாசலால் ஏறி மேசையடிக்கு வந்துவிட்டார்.

அந்த வயல்பக்கம் எங்களில் ஒருவரும் போய் இரண்டு வருடத்துக்கு மேல். பழைய அளவுகளை வைத்துத்தான் பொறியியலாளர்கள் திட்டம் போட்டார்கள், நாங்கள் கீறினோம். விதானையார் தவராசாவின் தோளுக்கு மேலால் படத்தை எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. விரலை நடுப்படத்தில் ஊன்றினார். மையில் ஓர் ஈரப் பொட்டு. பொறியியலாளர்கள் மூவர் எழுந்து வந்தார்கள். "மனே, போன மாரிக்கு அந்த வாய்க்கால் உடைஞ்சு மருத மரத்துக்கு இஞ்சால வந்திற்று. நீ இன்னும் அங்கால கீறி வெச்சிரிக்காய். தண்ணி உன்ட கோட்டப் பாத்தா ஓடும்?"

தயிர் முட்டி

அதன்பிறகு அந்த வாசல் அடைபட்டதே இல்லை. நாள்தோறும் யாராவது தோணியில் வந்தார்கள். எந்த மதகு உடைந்தது, எந்தக் கட்டு கரைந்தது என்று மேசையைச் சுற்றி நின்று சொன்னார்கள். போகமுடியாத வயல்கள் வாசலால் வந்து போயின. படங்கள் சரியாகின. தாள் பறக்காமல் வைக்கப் பெரிய சிப்பிகளையும் அவர்களே கொண்டுவந்தார்கள். வெறுங்கையோடு வருவது அந்தப் பக்கத்தவர்களின் பழக்கம் இல்லை. தயிர் முட்டி, ஒரு கோர்வை செத்தல் மீன், போத்தலில் தேன். எல்லாம் வாசலுக்குப் பக்கத்து இருக்கையில், அதாவது தவராசாவின் முன்னால் இறங்கின. நான் விரும்பிக் கேட்டு வாங்கிய இருக்கை வாசலுக்கு ஆகத் தூரம். அங்கே வாசனை மட்டும் வந்தது. தவராசா ஒவ்வொரு முறையும் எனக்குப் பங்கு கொண்டுவருவார். எனக்குத் தடிமன், மூக்கடைப்பு என்பேன்.

ஒருமுறை வெளிநாட்டு உதவி நிறுவனத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கட்டடத்தைப் பார்க்க வந்தார். தொட்டியை மெச்சினார். ஒழுங்கைக் குழாயில் வரிசையாக நின்ற குடங்களை மெச்சினார். வாசலடிக்கு வந்ததும் நின்றுவிட்டார். அப்போதுதான் இரண்டு விவசாயிகள் ஒரு பொறியியலாளரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். இந்த யோசனை யாருடையது என்று கேட்டார். பிரதம பொறியியலாளர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். "சொல்லுங்க, ஆர்ர யோசனை?" என்றார். அவருடைய பார்வை என்னில் கொஞ்சம் தங்கியதுபோல இருந்தது. நான் வாயைத் திறந்தேன். என்னுடையது என்றால், ஏன் மாற்றினாய் என்பார்கள். ஏன் மாற்றினேன் என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு கூரை ஓடுகளை எண்ணினேன். வெள்ளைக்காரர் தானாகவே வாசலுக்குப் பக்கத்தில் இருந்த தவராசாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிரதம பொறியியலாளர் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார், என்னைப் பார்த்தபடி. "இந்தக் கட்டடத்தில ஆகத் திறமான சாமான் இந்த வாசல்தானாம்."

கடிதம்

அடுத்த மாதம் கடிதம் வந்தது. தவராசா தலைமைப் படவரைஞர். அந்தப் பதவிக்காரர் பிரதம பொறியியலாளருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதால் வாசலடி இருக்கை காலியானது. மூப்புப்படி அது எனக்கு. தவராசா சிப்பிகளை என் பக்கம் தள்ளிவிட்டு, மேசை லாச்சிக்குள்ளிருந்து ஒரு சுருளை எடுத்து என்னிடம் தந்தார். அவருடைய பென்சில் படம். வாவிப் பக்கம் முழுச் சுவர்.

"வெளிச்சத்தில பிடிச்ச உடனே சுரண்டின இடம் தெரிஞ்சிது" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். எனக்கு அவர் கத்தியிருந்தால் நல்லது என்று தோன்றியது. பிறகேன் கையெழுத்து வைத்தாய் என்று கேட்டேன். "வாசல் என்ட சுவர விட நல்லா இருந்திச்சு அண்ணன், அதான். மறுகா அண்டைக்கே நம்மட பெரிய சேரிட்டயும் சொல்லிற்றன், இது உங்கட வாசல் எண்டு. நீங்க வாயத் தொறந்து சொல்லுவீங்க எண்டுதான் அந்த மனுசன் வெள்ளைக்காரன் வந்த அண்டைக்கு உங்களையே பாத்துக்கொண்டு நிண்டவர்."

புது இருக்கை

மறுநாள் காலை நான் வாசலடியில் உட்கார்ந்தேன். காற்று நன்றாகத்தான் இருந்தது. வாவி நன்றாகத்தான் தெரிந்தது. தோணி வந்து கரை தட்டியது. விதானையார் வாழையிலை கட்டிய தயிர் முட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஏறி வந்தார். நான் எழுந்து கையை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், இருக்கையைப் பார்த்தார், மண்டபத்தின் உள்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "தவராசாத் தம்பி இப்ப உள்ளுக்கா இரிக்கார்? அப்ப ஒரு உதவி செய்யுங்க ஐயா, இதக் கொண்டுபோய் அவரிட்டக் குடுங்க, ஆடாமப் பிடிங்க."

பக்கத்து மேசைக்காரர்மேல் பொறாமைப்பட்டவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள், ஆனால் தன் கையாலேயே திறந்த வாசலில் உட்கார்ந்துகொண்டு அதைத் திறந்தவனுக்குக் கிடைத்த பெயர்மேலேயே பொறாமைப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.