அம்மா தைத்த பெயர்

பிள்ளைகளே, என் மனைவி இறந்த பின் துணை தேடி, கைப்பேசியில் ஒரு டேட்டிங் செயலியில் சேர்ந்தேன். பொறுப்பான அப்பா என்று நம்பட்டுமே என, மகள் தேன்மொழியோடு எடுத்த படத்தைப் போட்டேன். அவள் சீருடையில் இருந்தாள். பள்ளிச் சின்னமும், அவள் அம்மா தைத்துக் கொடுத்த பெயர்ப்பட்டையும் பளிச்சென்று தெரிந்தன.

சில வாரங்கள் கழித்து, மலேசியாவின் லாபிஸ் ஊரில் அவள் பள்ளி வாசலில் முன்பின் தெரியாத ஒருவன் காரை நிறுத்தினான்.

“தேன்மொழி, அப்பாதான் அனுப்பினாரு. புது அம்மா வீட்ல காத்திருக்காங்க, வா லா!”

அவள் பயந்துபோய், காவலுக்கு இருந்த ஜாகாவிடம் ஓடினாள். அவர் சத்தம் போட்டதும் கார் பறந்துவிட்டது.

போலீசில் புகார் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கேட்டாள்: “என் பேரு அந்த ஆளுக்கு எப்படிப்பா தெரியும்?”

கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன். படத்தில் தெரிந்த தன் பெயர்மேல் விரல் வைத்தாள்.

“என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா?”

படத்தை அங்கேயே அழித்தேன்.

உங்கள் படத்தை யார் போடுவதானாலும், அப்பாவே ஆனாலும், முதலில் உங்களைக் கேட்கட்டும்.

தேன்மொழி இப்போது பையை முதுகில் மாட்டுவதில்லை. நெஞ்சோடு அணைத்து, அம்மா தைத்த பெயரை மறைத்துக்கொண்டுதான் பள்ளி வாசலைத் தாண்டி வருகிறாள்.