ஆறு பெட்டி இனிப்பு

எண்பதுகளின் நடுவில், அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமலிருந்த காலத்தில், ஜெனீவாவில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்தேன். சேர்ந்த மூன்றாம் மாதம், நான்காம் மாடியில் தங்கியிருந்த ஜப்பானியர் ஒருவர் காலைச் சாப்பாட்டின்போது மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

அவருடைய அறையை ஒழிக்க என்னை அனுப்பினார்கள். சூட்கேசுக்குள் ஒரே மாதிரிச் சுற்றிய ஆறு சிறு பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் கையால் எழுதிய துண்டுக் காகிதம். மாடிக்குப் பொறுப்பான சுவிஸ்காரப் பெண்ணை மதாம் என்று கூப்பிடுவோம். அவர் ஒன்றைப் பிரித்தார். கருஞ்சிவப்பில் கட்டியாக ஏதோ இனிப்பு.

"சாப்பாட்டுச் சாமான் குப்பைக்கு. மற்றதைக் கட்டி வை."

அதுதான் விதி. ஐந்தைக் குப்பையில் போட்டேன். பிரிக்காத ஒன்றை என் லொக்கருக்குள் ஒளித்தேன். தின்னும் ஆசைதான், வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை. பிடிபட்டால் அன்றே வேலை போகும்.

மூன்றாம் நாள் மனைவி வந்தார். பிரெஞ்சு தெரிந்த ஜப்பானியப் பெண் ஒருத்தி கூட வந்தாள். சூட்கேசைத் திறந்து பார்த்த மனைவி கேட்டது அந்தப் பெட்டிகளை மட்டும்தான். ஜப்பானில் ஊருக்கு ஊர் ஒரு இனிப்பு உண்டாம். வெளியூர் போகிறவர்கள், சந்திக்கும் ஆட்களுக்குத் தங்கள் ஊர் இனிப்பைக் கொண்டுபோவார்களாம். இது பயறும் சீனியும் காய்ச்சி இறுக்கியது. யாருக்கு எந்தப் பெட்டி என்று கணவரே எழுதி வைத்திருந்தார். அவர் கொடுக்க இருந்ததைத் தான் கொடுத்து முடிக்கவேண்டும் என்றார் அந்த அம்மா.

"அப்பிடி ஒண்டும் இருக்கேல்லை," என்றார் மதாம் பிரெஞ்சில்.

நான் கீழே சமையலறைக்குப் போனேன். கோப்பை கழுவிக்கொண்டிருந்த சிவம் அண்ணையிடம் நடந்ததைச் சொன்னேன்.

"வாயை மூடிக்கொண்டிரு. களவு எண்டு எழுதினால் உன்ரை அகதிக் கேசும் பழுதாப்போகும்."

"அந்த மனிசி புருசன்ரை கையெழுத்தைத் தேடுறா அண்ணை."

அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "சொல்லுறதெண்டால் இப்பவே போய்ச் சொல்லு," என்றார்.

பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போய், அந்த அம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டினேன். ஐந்தைக் குப்பையில் போட்டதையும், இதைத் தின்ன எடுத்ததையும் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அந்த அம்மா அழவில்லை. காகிதத்து எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு எனக்குக் குனிந்து வணங்கினார். என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

மனேஜர் வந்ததும் மதாம் முந்திக்கொண்டார். "எறியச் சொன்னது நான். இருக்கேல்லை எண்டு பொய் சொன்னதும் நான்." எங்கள் இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. வேலை போகவில்லை.

அந்த ஒரு பெட்டி அன்று பின்னேரமே உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. மற்ற ஐந்து பேர் யாரென்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. பெயர்கள் காகிதங்களோடு போய்விட்டன.

பல வருடம் கழித்து நானே மாடிப் பொறுப்பாளன் ஆனேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்: "செத்த ஆளின்ரை அறையிலை குப்பை எண்டு ஒண்டும் இல்லை. வீட்டுக்காரர் வந்து பாக்குமட்டும் ஒரு துண்டுக் கடதாசியும் எறியாதையுங்கோ."