ஆகஸ்டில் மொட்டையாகும் செடி

முப்பத்தொரு வருஷம் கழித்து ஐசோரா அலபாமாவுக்குத் திரும்பி வந்தது ஒரே காரியத்துக்காக. மகளுக்குப் பக்கத்தில் தனக்கு ஒரு குழி சொல்லிவைக்க வேண்டும். டெட்ராய்ட்டில் டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்து நீராவியில்தான் அவள் ஆயுசில் பாதி போயிற்று. கடைசியில் தான் துவைத்த விரிப்பிலேயே நோயாளியாகப் படுக்க வேண்டியதாயிற்று.

மகள் மேவிஸ் காய்ச்சலில் போனபோது மூன்று வயது. செப்டம்பர் மாதம். கல் நாட்ட வக்கில்லை. புருஷனோ அந்தக் குளிர்காலத்துக்குள் வேறொருத்தியோடு கிளம்பப் போகிறவன்; அன்றைக்கே அவன் முகம் வாசல் பக்கம்தான் இருந்தது. ஐசோரா தனியாக ஓடைக்கரைக்குப் போய், பக்கை என்கிற காட்டுச் செடியடியில் அப்போதுதான் உதிர்ந்திருந்த கொட்டை ஒன்றைப் பொறுக்கி வந்து பிள்ளையின் தலைமாட்டில் புதைத்தாள். மான்கண் மாதிரி பளபளக்கும் கொட்டை. மூட்டுவலிக்கு ஆகும் என்று ஆண்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவார்கள். ஆனால் விஷம், அணில்கூட வாய் வைக்காது. யாரும் தோண்டித் தின்றுவிடக் கூடாது என்றுதான் அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள்.

வசந்தத்தில் முளை வந்தது. ஒரே காம்பில் ஐந்து இலை, விரித்த உள்ளங்கை போல. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வடக்கே பஸ் ஏறினாள். சில வருஷம் கழித்து ஊரிலிருந்து வந்த யாரோ, கல்லறை மேட்டில் பக்கை சிவப்பாகப் பூத்திருக்கிறது, தேன்சிட்டு மொய்க்கிறது என்று சொன்னார்கள். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு மனுஷி மிச்ச வருஷங்களை ஓட்டினாள். திரும்பி வந்து பார்க்கத் தைரியம் மட்டும் வரவில்லை.

வந்து இறங்கியது ஆகஸ்டில், வெளியூர் போனவர்கள் எல்லாம் தேவாலயத்துக்குத் திரும்பிவரும் ஞாயிற்றுக்கிழமை. மரத்தடி மேசைகளில் பொரித்த கோழியும் பீச் பழப் பணியாரமும் நிறைந்திருந்தன. ஐசோரா தட்டைத் தொடவில்லை. நேராகக் கல்லறை மேட்டுக்குப் போனாள். மேடு மழித்த தலையாய் இருந்தது.

அவளுடைய சித்தப்பா மகன் லியோடிஸ், இப்போது சபையில் மூப்பர், கோழித்துண்டும் கையுமாகப் பின்னால் வந்தான்.

"என்னக்கா, வந்ததும் வராததுமா இங்க வந்து நிக்கிற? சாப்பிட வா."

"இங்க ஒரு பக்கைச் செடி இருந்துச்சே, எங்கடா?"

"பக்கையா? காஞ்ச குச்சிங்கதான் அங்கங்க நின்னுச்சு. நேத்து சுத்தம் பண்றப்ப அறுத்துக் கொளுத்திட்டோம்."

"காஞ்ச குச்சியா? இது எந்த மாசம்டா, கூறுகெட்டவனே?"

வாய்க்குப் போன கோழித்துண்டு பாதியில் நின்றது. பக்கை எல்லாச் செடிக்கும் முன்னால் துளிர்க்கும், எல்லாவற்றுக்கும் முன்னால் இலையைக் கொட்டிவிடும். ஆகஸ்டில் மொட்டையாகச் செத்தது போல நிற்கும். ஓடைக்கரையில் வளர்ந்த லியோடிஸுக்கு இது தெரியாததா? தெரியும். ஆனால் விருந்துக்கு முந்தின நாள், மண்டை பிளக்கிற வெயிலில், கையில் அரிவாள் இருக்கிறவனுக்குக் குச்சி குச்சிதான்.

"வேரைப் புடுங்கினியா?"

"இல்லக்கா. தரையோட அறுத்ததோட சரி."

"அப்ப திரும்ப வரும்."

அவள் டெட்ராய்ட்டுக்குப் போகவில்லை. லியோடிஸின் பின்னறையில் கட்டில் போட்டார்கள். டாக்டர் சொன்ன கணக்கு கிறிஸ்துமஸ் வரைதான். வீம்புக்கு மார்ச் வரை இழுத்துக்கொண்டு கிடந்தாள்.

மார்ச்சில் லியோடிஸ் அவளை டிரக்கில் கொண்டுபோய் இறக்கினான். காடு இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. மேட்டில் மட்டும் பச்சை. ஐசோரா மண்டி போட்டு ஒரு துளிரை விரலால் தூக்கிப் பார்த்தாள். ஐந்து இலை.

"இதுதான்டா! வந்துட்டா பாரு!"

அவன் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் நிமிர்ந்து பார்த்தாள். நாலடி தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இரண்டு. மேடு முழுக்க ஐந்து இலைகள். வேலியோரம் அரிவாள் எட்டாமல் தப்பிய ஒன்று சிவப்பாக மொக்கு விட்டிருந்தது.

"கொட்டை உருண்டு மொளைச்சதா இருக்கும்க்கா. பழைய வேரு தடிமனா இருக்கும், பாத்துடலாம்," என்று லியோடிஸ் மண்வெட்டி நுனியால் கிளறினான். தடித்த வேரும் ஒன்றிரண்டல்ல. ஒன்றுக்கொன்று இளைத்ததும் இல்லை.

"நான் மட்டும்தான் நட்டேன்னு நெனச்சிருந்தேன்."

"கல்லு வாங்க இங்க யாருகிட்டக்கா காசு இருந்துச்சு? அந்தக் காய்ச்சல்ல, நீ வடக்க போனப்புறமும், எத்தன வீட்டுப் புள்ளைங்க போச்சு! எல்லாத் தாயும் அதே ஓடைக்கரைக்குத்தானே போயிருப்பா?"

ஐசோராவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. தன் துக்கம் தனக்கு மட்டும் வந்தது என்று இத்தனை காலம் இருந்துவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வெட்கத்தால் மகள் கிடைத்துவிடப் போவதில்லை.

லியோடிஸ் கெஞ்சினான். "ஏதோ ஒண்ணை இதுதான்னு சொல்லுக்கா. நானே கல்லு நட்டு பேரு வெட்டறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்டா. எவளோ பெத்த புள்ளைகிட்ட படுத்துக்கிட்டு அதைப் போயி மேவிஸுன்னு கூப்பிடச் சொல்றியா?"

அதற்குப் பிறகு அவள் எழுந்து நடக்கவில்லை. ஏப்ரலில் மேடு முழுக்க இலை விரிந்த செய்தியை லியோடிஸ் அவளிடம் சொல்லவே இல்லை. ஒருநாள் மாலை, மூச்சு இழுக்கத் தொடங்கியபோது, வேறு வழியில்லாமல் காதருகே குனிந்து கேட்டான்.

"எங்கக்கா தோண்டட்டும்?"



"எங்க வேணா தோண்டு. மம்பட்டிய மட்டும் மெதுவா போடு. அவ எங்க படுத்திருக்கான்னு தெரியாது பாரு."