மடியில் இருந்த கை

பல் டாக்டருக்குப் பயந்து மூன்று வருடம் தள்ளிப்போட்டவள் நான். “வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடறேன்” என்றார். நம்பாமல், வலிக்காதபோதே தூக்கிப் பார்த்தேன். நிறுத்தினார். அதன்பின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி முடிக்கும்வரை கை மடியிலேயே இருந்தது.

பஞ்சைக் கடித்தபடி மந்தைவெளிக்கு ஆட்டோவில் திரும்பினேன். ஒரு பள்ளத்தில் வண்டி குதித்ததும் தாடை அதிர்ந்தது. இடது கை தானாக உயர்ந்தது. ஓட்டுநர் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன்.

“பல்லா? மின்னாடியே சொல்றதுக்கு இன்னாக்கா?”

வாயில் பஞ்சு மட்டும் இல்லாதிருந்தால் நன்றாகவே சொல்லியிருப்பேன்.

அதன்பின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் என் கையைப் பார்த்துக்கொண்டார். வீடு வரும்வரை அது மடியை விட்டு எழவேயில்லை.