மேலே கிடந்த கல்

எங்கள் அப்பாவுக்குச் சந்தேகம் என்பது ஒரு வியாதி. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலில் தொட்டு நகத்தில் வைத்துப் பார்ப்பார். தென்னையில் காய் குறைந்தால் அணிலைச் சொல்லமாட்டார், ஆளைத்தான் சொல்வார். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் தூங்கினால், நடிக்கிறான் என்று என் காதில் சொல்வார். நான் அவர் மகள். ஐந்தாம் வகுப்பிலேயே என் பென்சில்களையெல்லாம் பல்லால் கடித்து அடையாளம் வைத்திருந்தேன்.

அந்த வருடம் அவர் சந்தேகத்துக்கு நியாயமான காரணம் ஒன்றும் கிடைத்துவிட்டது. எங்கள் ஊர் சித்தன்னவாசல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஓடை, அதன் கரையில் எங்கள் கடலைக்கொல்லை, கொல்லைக்கு நடுவில் கிணறு. எந்தக் கோடையிலும் மோட்டார் ஓடும் அளவுக்குத் தண்ணீர் இருக்கும் கிணறு, அந்த வருடம் மாசியிலேயே தரை தட்டிவிட்டது. காய் பிடிக்கிற நேரத்தில் கடலைச்செடி கருகிப்போனது. ஓடையில் யாரோ திருட்டுத்தனமாக மணல் அள்ளுவதால்தான் கிணறு வற்றியது என்று ஊரே சொன்னது. அக்கரை ஊர்க்காரர்கள்தான் என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். தாசில்தாருக்கு மனுமேல் மனு போட்டார். அக்கரையில் வைத்த கல்யாணத்துக்குக்கூட எங்களைப் போகவிடவில்லை. “எவன்னு மட்டும் தெரியட்டும், குடும்பத்தோட உள்ள தள்ளாம விடமாட்டேன்” என்று தினமும் சாப்பிடும்போது சொல்வார். அம்மா ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விடுவார்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, அம்மாவின் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். எனக்கு ஒரே மாமா. சவூதியில் சில வருடம் இருந்துவிட்டு வந்து, கடன்பட்டு டிராக்டர் வாங்கியிருந்தார். முந்தின வருடம் எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டபோது மணல், ஜல்லி எல்லாம் அவர்தான் கொண்டுவந்து இறக்கினார். எதையும் நம்பாத அப்பா, மாமா கொண்டுவந்த மணலை மட்டும் எங்கிருந்து என்று கேட்டதில்லை. அந்தச் சனிக்கிழமை, ஓடைக்குப் போய் டிராக்டரைக் கழுவிவிட்டு வருவதாக மாமா சொன்னார். நான் முந்திக்கொண்டு மட்கார்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். “வெயில்ல நீ எதுக்குடி?” என்றார். இறங்க மறுத்துவிட்டேன்.

ஓடையில் கரையோரம் பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. மாமா அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டு போனில் பேசினார். நான் பள்ளத்தின் விளிம்பில் சரிந்து கிடந்த செம்மண்ணைக் காலால் கிளறினேன். வெள்ளையாக என்னவோ மினுங்கியது. கட்டைவிரலில் பாதி இருக்கும். எங்கள் பக்கம் எங்கும் கிடக்கிற வெள்ளை வெங்கச்சங்கல்தான், ஆனால் வேப்பிலை மாதிரி ஒரு பக்கம் கூராக இருந்தது. ஓரத்தைத் தடவிப் பார்த்தபோது விரலைக் கிழித்துவிட்டது. பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. இது சும்மா கிடந்த கல் இல்லை, யாரோ செய்தது என்று எனக்கு அப்போதே பட்டது.

மாமாவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “ஸ்கூல் கிரவுண்டுல கெடந்துச்சுன்னு சொல்லு தங்கம். ஓடைன்னு சொன்னா எல்லாப் பயலும் வந்துருவான்” என்றார். கடையில் நிறுத்திக் கடலைமிட்டாயும் வாங்கிக் கொடுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே இன்னும் நிறைய கல் இருக்கிறது, எல்லாவற்றையும் மாமா ஒருவரே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார். மிட்டாயைத் தின்றுவிட்டு, திங்கட்கிழமை டீச்சரிடம் ஓடையில் கிடைத்தது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

டீச்சர் அதைப் போட்டோ எடுத்து, புதுக்கோட்டையில் தனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியருக்கு அனுப்பினார். கல்லைத் தன்னிடமே வைத்திருக்கட்டுமா என்று கேட்டார். மாற்றிவிடுவாரோ என்று நான் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு பேராசிரியரே வருகிறார் என்றதும் ஊரில் வேறு கதை கிளம்பியது. எங்களுக்குப் புதையல் கிடைத்துவிட்டதாம், கல் என்பது வெளியே சொல்வதாம். அப்பாவின் சந்தேகம் வேறு திசையில் போனது. “ஒரு கல்லப் பாக்கவா அங்கேருந்து பெட்ரோல் போட்டுக்கிட்டு வாராரு? நெலத்தை எடுத்துக்கிட்டு வேலி போட்டுருவாங்க, பாத்துக்க” என்று அம்மாவிடம் சொன்னார்.

வந்தவர் ஒல்லியான மனிதர். வாசலில் நாற்காலி போட்டு, கல்லை வெயிலில் பிடித்து ஒரு சின்ன லென்ஸ் வழியாகப் பார்த்தார். அவர் கல்லைப் பார்க்க, அப்பா அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தானாக உடைந்த கல் எப்படியும் உடைந்திருக்கும், இதில் இரண்டு பக்கமும் வரிசையாகச் சில்லு எடுத்திருக்கிறார்கள், அடியில் கம்பில் கட்டுவதற்காக ஒடுக்கியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினார். இரும்பு வருவதற்கு முன்னால் இங்கே வேட்டையாடிய யாரோ செய்த அம்பு முனை என்றார். பெருமையில் என் தலை கூரையில் இடித்தது. பிறகு அவர் ஓரத்தை மறுபடியும் தடவிப் பார்த்தார்.

“இது தண்ணியில உருண்டு வந்த கல் இல்லீங்க. உருண்டிருந்தா முனை மழுங்கியிருக்கும். செம்மண்ணு இன்னும் ஒட்டியிருக்கு பாருங்க. சமீபத்துல தோண்டி வெளிய வந்திருக்கு. எடத்தைப் பாக்கலாமா?”

மூவரும் ஓடைக்குப் போனோம். பள்ளம் இரண்டு ஆள் ஆழம் இருந்தது. பேராசிரியர் உள்ளே இறங்கி, கரை வெட்டப்பட்டிருந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். அடியில் செம்மண், அதற்குமேல் மணல். இவ்வளவு ஆழத்தை யார் தோண்டியது என்று கேட்டார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. படித்தவர் ஒருவர் சாட்சி கிடைத்துவிட்டார் அல்லவா! அக்கரையைக் கைகாட்டி, மணல் திருட்டு, கிணறு, மனு என்று எல்லாவற்றையும் கொட்டினார். கலெக்டர் ஆபீஸில் தானே நேரில் சொல்வதாகப் பேராசிரியர் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ எப்படிம்மா இங்க வந்தே?”

“மாமா கூட டிராக்டர்ல வந்தேன் சார். மாமா வண்டி கழுவ வந்துச்சு.”

பேராசிரியர் ஓடையைப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்பாவும் பார்த்தார். அப்புறம் பள்ளத்துக்குள் இறங்கி ஏறியிருந்த டயர் தடத்தைப் பார்த்தார். அது அக்கரைக்குப் போகவில்லை. எங்கள் கொல்லை ஓரமாக எங்கள் ஊருக்குத்தான் போனது.

“தோண்டுனது வேற யாருமில்லீங்க சார்” என்றார் அப்பா. “நாந்தான். கிணத்துல தண்ணி இல்லைன்னு ஊத்து பாக்கத் தோண்டுனேன். பிள்ளையும் கூட நின்னு தோண்டுச்சு. அப்பத்தான் இது வந்துச்சு. அக்கரைக்காரங்களைச் சொன்னது தப்புங்க. ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்.”

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. நான் தோண்டவில்லை, மேலேதான் கிடந்தது, அப்பா பொய் சொல்கிறார் என்று கத்தினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு இறுக்கமாக அவர் என்னைப் பிடித்ததே இல்லை. பேராசிரியர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஆனாலும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கல்லை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இலை போடச் சொல்லி அப்பா அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். மோருக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். “வண்டியை வித்துரு மாப்ள.” மாமா ஏன் என்று கேட்கவில்லை. இலையைப் பார்த்தபடி, “சரி மச்சான்” என்றார். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா மோர்ச் செம்பை அப்படியே தரையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்த மாதமே டிராக்டர் போனது. மாமா திரும்பவும் சவூதிக்குப் போனார். தாசில்தார் ஆபீஸிலிருந்து மனுவை விசாரிக்க வந்தவரிடம், தனக்கு யார் மேலும் புகார் இல்லை என்று அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். ஊத்துத் தோண்டுகிறேன் என்று சொல்லி மணலை விற்றதே இவர்தான் என்று அக்கரையில் பேசிக்கொண்டார்கள். டீக்கடையில் அவர் காதுபடவே சொன்னார்கள். அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார். மாமா செய்ததை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா என்னிடம் சொன்னார்.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், வெளியாள் முன்னால் அப்பா என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார் என்பதுதான். ரொம்ப நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருடமும் கிணறு ஊறவில்லை. அப்பா கொல்லையைத் தரிசாகப் போட்டுவிட்டு அன்னவாசலில் ஒரு உரக்கடைக்கு வேலைக்குப் போனார். பாலைத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்தினார். தேங்காயை எண்ணுவதையும் நிறுத்தினார். யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

“அப்பா திருந்திட்டாரும்மா” என்று ஒருநாள் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அம்மாவும் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போய் அப்பாவோடு பேசு என்றார்.