தாடைக்காரரும் தேய்ந்த பாதமும்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் தாடைக்காரர் என்று பெயர். எங்களுடையது பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை. எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் ஸ்டூலில் உட்காரவைத்து, "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, சிரிக்காதீங்க" என்பார். இருபத்தெட்டு வருடமாக அதே பாட்டு. முகத்தில் துளி நிழல் விழுந்தாலும் படம் செல்லாது என்று பாஸ்போர்ட் ஆபீஸில் திருப்பிவிடுவார்கள். அதனால் இரண்டு பக்கமும் விளக்கு, வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப மடியில் ஒரு வெள்ளை அட்டை. நிழல் என்றாலே அவருக்கு ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. மனுஷன் வீட்டில் தங்குவாரா? ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய், பழைய புத்தக் கோயில் இடிபாடுகளைப் படம் எடுப்பார். செங்கல் மேடு, உடைந்த தூண், தலையில்லாத சிலை.

"தலையே இல்ல, யாரைத் தாடையை இறக்கச் சொல்றீங்க?" என்று கேட்பேன்.

"அங்கதான் யாரும் கண்ணைச் சிமிட்டறதில்ல" என்பார்.

போன மாதம் ஒரு ஞாயிறு மூச்சிரைக்க வந்து நின்றார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"ஏங்க, இன்னொண்ணு எங்க?"

"வார் அறுந்துபோச்சு, அதை விடு. அங்க சாமான் கொட்டகை வாசல்ல ஒரு கல்லு கிடக்கு. வெறுங்காலோட மிதிச்சேனா, உள்ளங்கால்ல விரல் விரலாத் தட்டுப்படுது! நடுவுல சக்கரம்! அந்தக் காலத்துல கும்பிட்ட புத்தர் பாதம்மா அது! நான் போய் மிதிச்சுட்டேனே!"

அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே எனக்குப் புரியவில்லை.

அங்கே பார்வையாளர்களுக்கு நடைபாதை போடப் போகிறார்கள். சும்மா கிடக்கும் கற்களைக் கவிழ்த்து வைத்து சிமெண்ட் பூசிவிடுவார்கள். இந்தக் கல்லும் அதில் ஒன்று. வேலையைக் கவனிக்கும் பொறியாளர் ஒரு பெண். கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "தேஞ்ச கல்லு எல்லாமே இப்படித்தான் சார் இருக்கும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே. படத்துல காட்டுங்க, மேலிடத்துக்கு அனுப்பி நிறுத்தி வைக்கிறேன். சனிக்கிழமை காலையில வேலை ஆரம்பிச்சுடும்" என்று சொல்லியிருக்கிறார்.

திங்களும் புதனும் கடையை என் தலையில் கட்டிவிட்டு ஓடினார். உச்சி வெயிலில் எடுத்த படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். துணி துவைக்கிற கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது. பாவம், மனுஷனுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கோ எரிச்சல் ஒரு பக்கம், பரிதாபம் ஒரு பக்கம். காலால் உணர்ந்ததைக் கண்ணுக்குக் காட்ட முடியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

வெள்ளிக்கிழமை மத்தியானம், "நீயும் வா, அட்டை பிடிக்க ஆள் வேணும்" என்றார். போனேன். மூன்று மணியிலிருந்து குனிந்து நின்று, வெள்ளை அட்டையால் வெயிலைத் திருப்பிக் கல்லின் மேல் அடித்துக்கொண்டிருந்தேன். இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு, ஒரே அதிகாரம். ஐந்தரை மணியாகி சூரியன் தூண்களுக்குக் கீழே இறங்கிவிட்டது. பொறியாளர் கொட்டகையைப் பூட்டப் போனார். என் கை மரத்துப்போய் அட்டை சரிந்தது.

"தூக்கு, தூக்கு! நிழல் விழுது!"

"விழட்டுமே! என் கை என்ன இரும்பா?" என்று அட்டையைத் தூக்கி எறிந்தேன்.

பதிலுக்குக் கத்துவார் என்று பார்த்தேன். கேமராவில் கண்ணை வைத்தவர் வைத்தபடி நின்றார். நானும் குனிந்தேன். அடேயப்பா! தரையோடு தரையாக வந்த வெயிலில் ஒவ்வொரு பள்ளமும் கறுத்து எழுந்திருந்தது. பத்து விரல்கள்! இரண்டு பாதம்! ஆரக்காலோடு சக்கரம்!

"மேடம்! ஓடி வாங்க மேடம்!" கத்தியது நான்தான்.

அவர் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். பார்த்ததும் வாயில் கை வைத்தார். "சார், இது மேலதான் நான் தினமும் செருப்பு மண்ணைத் தட்டுவேன்" என்றார். என் வீட்டுக்காரர் படமாக எடுத்துத் தள்ள, அவர் சிவப்பு நாடா எடுத்து வந்து கல்லைச் சுற்றி நான்கு கம்பி நட்டுக் கட்டினார்.

வீட்டுக்காரர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "நிழலை விரட்டறேன்னு இத்தனை நாளா நானேதான் அதை அழிச்சுட்டிருந்தேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அந்தத் தூண்கிட்ட நில்லு. வெயில் போறதுக்குள்ள."

"தாடையை இறக்கணுமா?"

"எப்படி வேணா இரு. சிரிச்சுக்கோ."

படத்தைக் காட்டினார். கண்ணோரம், வாயோரம் எல்லாம் கோடு கோடாகச் சுருக்கம். ஊரில் உள்ளவர்களின் சுருக்கத்தையெல்லாம் கணினியில் துடைத்துக் கொடுக்கிற மனுஷன்.

"ஐயையே, அழிங்க அதை" என்றேன்.

"மாட்டேன்" என்றார்.